சிவப்பில் நிற்கிறவள்

தொலைக்காட்சித் திரையில் சிவப்பு விளக்கு எரிகிறது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. எதிரே வண்டி இல்லை. துரத்தி வந்த போலீஸ் ஜீப் இரண்டு தெருவுக்கு முன்பே வழி தவறிப் போய்விட்டது. பின் இருக்கையில் திருட்டு நகை மூட்டை கிடக்கிறது. இருந்தாலும் வண்டி நிற்கிறது. இவள்தான் நிறுத்தியிருக்கிறாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வீடியோ கேம் கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்தபடி, வலது காலால் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறாள். கன்ட்ரோலருக்கும் காலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அவள் நாற்காலிக்கு முன்னால் இருக்கும் அந்த ஒரு தரைக்கல் மட்டும் மற்றவற்றைவிட வழவழப்பாக, பாலிஷ் போட்ட மாதிரி இருக்கும்.

“யாருமே இல்லையேம்மா, போனா என்ன?” என்று கேட்டேன்.

“யாரும் இல்லன்னு போறதுக்குப் பேர் ஓட்டுறது இல்ல பெரியப்பா” என்றாள், கண்ணை எடுக்காமல். பச்சை விழுந்தது. இடதுபுறம் ஒரு பார்வை, வலதுபுறம் ஒரு பார்வை, பிறகுதான் நகர்ந்தாள்.

என் கடைசித் தம்பிக்கு மூன்று பெண்கள். இவள் நடுவில் பிறந்தவள். மூத்தவளும் இளையவளும் ஊசியைப் பிடித்தார்கள். மூத்தவள் தையல் கடையில், இளையவள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறையில். இவள் மட்டும் காரைப் பிடித்தாள். சரியாகச் சொன்னால் அதையும் முழுசாகப் பிடிக்கவில்லை. ஸ்டியரிங்கை மற்றவர்கள் பிடிக்க, பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கைப் பிடித்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. கூரையில் பலகை மாட்டிய பழைய சின்னக் கார். கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு பிரேக், இவள் காலடியில் இன்னொன்று. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் இவளை பிரேக்கம்மா என்பார்கள். அந்தப் பெயர் வீட்டுக்கும் வந்து, இப்போது இவள் புருஷனே அப்படித்தான் கூப்பிடுகிறான்.

கத்த மாட்டாள். அதுதான் இவளிடம் விசேஷம். யாராவது தலைவாருகிற கண்ணாடி போல நினைத்து, பின்னால் பார்க்கும் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தால், “உங்க மீசை அங்கயேதான் இருக்கு, எங்கயும் போகாது. பின்னால வர்ற பஸ்ஸப் பாருங்க” என்பாள். கிளட்ச்சைப் படக்கென்று விடுகிறவரிடம், “தூங்கற குழந்தை மேல இருந்து கையை எடுக்கற மாதிரி எடுங்க” என்பாள். யாராவது திடீரென்று பிரேக் அடித்து வண்டியைக் குலுக்கினால், “சரி, நம்ம ரெண்டு பேர் கழுத்தும் இருக்கற எடத்துலயே இருக்கான்னு பாத்துக்குவோம்” என்பாள். கியர் தடியில் சுற்ற ஒரு கைக்குட்டை வைத்திருப்பாள், கற்றுக்கொள்கிறவர்களின் உள்ளங்கை வியர்வைக்கு.

ஒருவருக்கு ஓட்ட வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்கிறாய் என்று கேட்டேன். “என் கால் சொல்லும்” என்றாள். “நானா எடுக்கறது இல்ல பெரியப்பா. பிரேக் மேலயே இருக்கும். ஒருநாள் குனிஞ்சு பாத்தா, தானா பின்னால போய் சீட்டுக்கு அடியில உக்காந்திருக்கும். அன்னிக்கு அவங்க தேறிட்டாங்க.” இந்த விஷயம் வெளியே தெரிந்துபோய், சிலபேர் ரோட்டைப் பார்க்காமல் இவள் காலைப் பார்த்து ஓட்டுகிறார்களாம்.

அந்தக் கால் எங்கே போனாலும் சும்மா இருப்பதில்லை. பஸ்ஸில் போனால் முன் இருக்கையின் கம்பியை அழுத்தும். லிஃப்டில் ஒவ்வொரு மாடிக்கும் அழுத்தும். பல் பிடுங்கப் போனபோது டாக்டரின் ஸ்டூலை அழுத்தி, அவர் உருண்டு சுவரோரம் போய்விட்டார். இது எங்கள் வம்சத்தில் ஓடுகிற ரத்தம். எங்கள் அப்பாவுக்குச் சித்தப்பா ஒருவர், இவளுக்குக் கொள்ளுத் தாத்தா முறை, குதிரை வண்டி ஓட்டியவர். வண்டியை விற்ற பிறகும், சாப்பிட உட்கார்ந்தால் இடது கை கடிவாளம் பிடித்த மாதிரியே மடியில் கிடக்கும். அவர் கையைப் பார்த்தவன் நான். இவள் காலைப் பார்க்கிறபோது அவர் ஞாபகம் வரும்.

இந்த விளையாட்டு வீட்டுக்கு வந்தது இவள் மகனால். அவன் வேலைக்கு வெளியூர் போனபோது, விளையாட்டுப் பெட்டியையும் ஒரு அட்டைப்பெட்டி நிறைய சாமானையும் விட்டுப்போனான். போன வருஷம் கற்றுக்கொள்கிறவர்கள் குலுக்கிய குலுக்கலில் இவள் இடுப்பு பிடித்துக்கொண்டது. காரில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா படுத்திருக்க முடியாமல், தூசி தட்டுகிற சாக்கில் அதைப் போட்டுப் பார்த்தாள். ஒரு பெரிய நகரம், அதில் கொள்ளைக் கும்பல்கள், எங்கே வேண்டுமானாலும் போகலாம், எந்தக் காரையும் எடுக்கலாம், யாரையும் அடிக்கலாம் என்கிற மாதிரி விளையாட்டு. இடுப்பு சரியான பிறகும் விடவில்லை. காலை வகுப்புக்கும் மாலை வகுப்புக்கும் நடுவில் மத்தியானம் சும்மா இருக்கும். சாப்பிட்டுக் கை கழுவியதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். மாடியில் இருக்கும் நானும் என் நாற்காலியைக் கீழே கொண்டுவரச் சொல்லிவிட்டேன். திரையில் பேசுவது நமக்குப் புரியாத பாஷை. அடியில் எழுத்து ஓடும். அவள் படித்துத் தமிழில் சொல்வாள்.

மகன் போனில் தலையில் அடித்துக்கொண்டான். “அம்மா, அது ஓட்டை கேம்மா. வாங்கினவன் எல்லாம் கழுவிக் கழுவி ஊத்தியிருக்கான். நானே நாலு நாள்ல தூக்கிப் போட்டேன். வேற நல்லதா அனுப்பறேன், அதை விடு.”

“ஓட்டை எனக்கும் தெரியுதுடா. நீ கதையைக் கேட்டியா?”

“அதுல கதையை யாரும்மா கேக்கறா? எல்லாரும் கார் ஓட்டத்தான் ஆடுவாங்க.”

“கார் நான் வேலைக்குப் போற எடத்துலயே ஓட்டிக்கிறேன்” என்றாள்.

ஓட்டைகளுக்குக் கணக்கில்லை. நடந்து போகிறவன் சுவருக்குள் நுழைந்து மறுபக்கம் வருவான். மரத்தின் உச்சியில் ஒரு நாய் எப்போதும் நின்று குரைத்துக்கொண்டிருக்கும். கதாநாயகனின் தலைமுடி மழை பெய்தால் காணாமல் போய்விடும், வெயில் வந்தால் வளர்ந்துவிடும். லாரிகளுக்கு நிற்கத் தெரியாது. முன்னால் என்ன இருந்தாலும் முட்டிக்கொண்டே வரும். சில சமயம் ஆட்கள் பேசும்போது வாய் மட்டும் அசையும், சத்தம் வராது, அடியில் எழுத்தும் வராது. கொஞ்சம் பொறுத்து எல்லாம் திரும்ப வரும். இவள் புருஷன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். மத்தியானம் சாப்பிட வருகிறவன், ஸ்க்ரூ டிரைவரால் காதைக் குடைந்தபடி பின்னால் நின்று பார்த்துவிட்டு, “இதை எவன் செஞ்சான்? கேஸ் நிரப்பாம ஃபிரிட்ஜை வித்துட்டான்” என்பான்.

“அப்படி இல்லங்க” என்பாள் இவள். “முதல் நாள் கார்ல ஏறுறவங்களைப் பாத்திருக்கீங்களா? போக வேண்டிய எடம் மனசுல தெளிவா இருக்கும். கிளட்ச்தான் வராது. அவங்களை எறங்குன்னா சொல்ல முடியும்?”

கதை இதுதான். ஒரு அக்கா, ஒரு தம்பி. தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். வளர்த்தவன் தாய்மாமன். அந்த மாமன்தான் கும்பலுக்குத் தலைவன். கொள்ளையடித்துவிட்டு ஓடி வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு பறக்கிற வண்டியை ஓட்டுவது தம்பியின் வேலை. அக்காவுக்கு இதெல்லாம் பிடிக்காது. அவள் ஒரு நல்லவனைக் கட்டிக்கொண்டு, துணி தேய்த்துக் கொடுக்கும் கடை வைத்துத் தனியாகப் போய்விட்டாள். இவர்களுக்கெல்லாம் அந்த ஊர்ப் பெயர் ஏதோ உண்டு. நாங்கள் அக்கா, தம்பி, மாமா என்றே சொல்வோம். கும்பலின் சாவிக்கொத்து ஒருத்தன் இடுப்பில் தொங்கும். அவன் யாரென்று கேட்டேன். மாமாவுடைய மனைவிக்குத் தம்பி என்றாள். “மாமியோட தம்பிக்கு இந்த வீட்டுல சாவி எதுக்கு? இவன் காட்டிக்கொடுப்பான் பாரு” என்றேன். மூன்று மத்தியானம் கழித்துக் காட்டிக்கொடுத்தான். அன்றிலிருந்து புது ஆள் யார் வந்தாலும், விளையாட்டை நிறுத்திவைத்து, என்ன முறை என்று என்னிடம் சொல்லி, நான் தலையாட்டிய பிறகுதான் மேலே போவாள்.

மூன்றாம் அத்தியாயத்தில்தான் அது நடந்தது. நகைக் கடையில் கொள்ளை. தம்பி வண்டியைப் பறக்கவிடுகிறான். ஒரு நாற்சந்தியில் சிவப்பு விளக்கு. அவன் நிற்கவில்லை. தேய்த்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு ஆள் தெருவைக் கடக்கிறான். அடித்து வீசிவிட்டு வண்டி போய்விடுகிறது. மறுநாள் அக்கா வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டு ஓடினால், செத்துக் கிடப்பது அக்கா புருஷன். அடித்தது யார் என்று அக்காவுக்குத் தெரியாது. தம்பிக்கு மட்டும்தான் தெரியும். அக்கா வீட்டு வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அவன் சொல்கிறான்: இனிமேல் ஒரு சிவப்பைக்கூடத் தாண்ட மாட்டேன். அக்காவிடம் உண்மையைச் சொல்லாமல் சாக மாட்டேன்.

அதைத் தமிழில் சொல்லிவிட்டு, அன்று அதோடு அணைத்துவிட்டாள்.

அடுத்த நாள் போட்டபோது இவளுக்குக் கோபம் வந்தது. நான் பார்த்து இவள் கோபப்பட்டது அப்போதுதான். அப்படி ஒரு சத்தியத்தைப் பண்ணவைத்த விளையாட்டு, அடுத்த வேலையிலேயே அவனைச் சிவப்பில் பறக்கச் சொல்கிறது. பறக்காவிட்டால் போலீஸ் பிடித்துவிடும், திரையில் தோல்வி என்று பெரிய எழுத்து வரும். “கதையை எழுதினவனுக்குத் தெரியும் இவன் மாறிட்டான்னு. கேமைக் கட்டினவனுக்குத் தெரியல” என்றாள். “தெரியாட்டிப் போகட்டும். வண்டி இப்ப என் கையிலதான இருக்கு. நான் காப்பாத்தறேன் அவன் சொன்ன சொல்லை.”

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு துரத்தலிலும் ஒவ்வொரு விளக்கிலும் நின்றாள். பிடிபட்டாள். மறுபடி முதலிலிருந்து. மறுபடி நின்றாள். மறுபடி பிடிபட்டாள். கற்றுக்கொள்கிறவரை ஒரே மைதானத்தில் சுற்றவிடுகிற அதே பொறுமையோடு, அந்த நகரத்தின் சந்துகளை எல்லாம் சுற்றினாள். விளக்கே இல்லாத வழி எது, மீன் கிடங்கின் உள்ளே நுழைந்தால் எந்தப் பக்கம் வெளியே வரலாம், எந்தப் பாலத்தடியில் நின்றால் போலீஸ் கடந்து போகும் என்று கண்டுபிடித்தாள். மற்றவர்கள் ஒரு மூச்சில் முடிப்பதை இவள் ஒரு வாரம் உழுதாள். ஆனால் முடித்தாள். ஒரு சிவப்பைக்கூடத் தாண்டவில்லை.

“உலகத்துலயே இந்த கேம்ல சிக்னல்ல நிக்கற ஒரே ஆள் நீதாம்மா” என்று மகன் சிரித்தான்.

“அப்ப இந்தக் கதையை ஒழுங்கா பாத்த ஒரே ஆளும் நான்தான்” என்றாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஒருநாள் விளையாட்டைத் திறந்ததும் முதல் பக்கத்தில் ஒரு அறிவிப்பு நின்றது. படித்துவிட்டுக் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டாள். மகனுக்குப் போன் போட்டாள். அவன் விளக்கினான். விளையாட்டின் உயிர் நம் வீட்டுப் பெட்டியில் இல்லையாம். கம்பெனிக்காரன் எங்கோ வைத்திருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். ஆடுகிறவர்கள் குறைந்துபோனதால் மாதக் கடைசியோடு அதை அணைக்கப்போகிறானாம். அப்புறம் இங்கே எதை அழுத்தினாலும் திறக்காது.

“அக்காகிட்ட அவன் இன்னும் சொல்லலையேடா” என்றாள்.

“அதுக்கென்னம்மா? கடைசி சீனை எவனாவது வீடியோ எடுத்துப் போட்டிருப்பான். தேடி அனுப்பறேன், அஞ்சு நிமிஷத்துல பாத்துடலாம்.”

“வேண்டாம்.”

“ஏம்மா?”

“அந்த வீடியோல வர்றவன் வழியெல்லாம் சிவப்பைத் தாண்டிட்டு வந்திருப்பான். அவன் வந்து அக்காகிட்ட சொல்ற சொல்லுக்கு என்னடா மதிப்பு?”

“சரிம்மா. சீக்கிரம் ஆடு” என்று மட்டும் சொன்னான்.

மாலை வகுப்பு இரண்டை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதைப் புருஷன் தலையில் கட்டினாள். ஒரு வழியாகக் கடைசி வேலைக்கு வந்து சேர்ந்தாள். துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை. மாமா கும்பல் ஒழிந்துவிட்டது. அக்காவிடமிருந்து போன் வருகிறது: கடையில்தான் இருக்கிறேன், வா. தம்பி துறைமுகத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு அக்கா கடைக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். நீளமான பாலம் ஒன்று, பாலம் இறங்கினால் ஒரு நாற்சந்தி, அதைத் தாண்டினால் கடை. வேறு வழி கிடையாது.

அதே நாற்சந்தி. அவன் அக்கா புருஷனை அடித்த இடம். விளக்கு சிவப்பில் இருந்தது. இவள் நின்றாள். சிவப்பு மாறவில்லை. டீ ஆறியது, சிவப்பு மாறவில்லை. புருஷன் சாப்பிட்டு எழுந்து வேலைக்குப் போனான், சிவப்பு மாறவில்லை.

மகன்தான் காரணம் கண்டுபிடித்துச் சொன்னான். மூன்றாம் அத்தியாயத்தில் அந்த விபத்து நடக்க வேண்டும் என்பதற்காக அந்த ஒரு விளக்கைச் சிவப்பிலேயே பூட்டி வைத்திருப்பார்கள். அப்புறம் திறக்க மறந்துபோயிருப்பார்கள். ஆடினவர்கள் எல்லோரும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்ததால் இப்படி ஒரு ஓட்டை இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. “இது ஒண்ணே ஒண்ணும்மா. கண்ணை மூடிட்டுத் தாண்டிடு” என்றான்.

“வேற எந்த சிக்னலா இருந்தாலும் யோசிச்சிருப்பேன். இந்த சிக்னல்ல முடியாது.”

“அவங்கதான் மறந்துட்டாங்கன்னு சொல்றேன்ல?”

“அவங்க மறந்துட்டாங்க. அவன் மறப்பானா?”

தம்பியை வண்டியை விட்டு இறக்கி நடக்கவைத்துப் பார்த்தாள். நாலடி போனதும் ‘வண்டிக்குத் திரும்பு’ என்று எழுத்து வந்து, தோல்வி என்று அணைந்தது. பாலத்திலிருந்து குதிக்கவைத்துப் பார்த்தாள். முடி காணாமல் போனதுதான் மிச்சம். போதாததற்கு அந்த லாரிகள். இவள் நின்றுகொண்டிருப்பாள், பின்னாலிருந்து ஒரு லாரி வந்து முட்டும். முட்டிய வேகத்தில் வண்டி கோட்டைத் தாண்டி நாற்சந்தியின் நடுவில் போய் நிற்கும். இவள் உடனே ரிவர்ஸ் போட்டு, கண்ணாடி பார்த்து, மறுபடி கோட்டுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்துவாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு லாரி. மறுபடி ரிவர்ஸ். ஒரு வாரம் இப்படியே போனது.

“பிரேக்கு, உனக்கும் அந்த லாரிக்கும் ஏதாவது வேண்டுதலா?” என்றான் புருஷன். அவள் சிரிக்கவில்லை. மாதத்தின் கடைசி நாளுக்கு முந்தின நாள் அது.

கடைசி நாள் காலை, கண் மருந்து வாங்க வேண்டியிருந்ததால், அவள் வகுப்புக் காரிலேயே பின் இருக்கையில் நானும் ஏறிக்கொண்டேன். அன்று ஓட்டியவர் கேக் கடைக்காரர். பெரிய உடம்பு, சின்ன தைரியம். ஸ்டியரிங்கை மாவு பிசைகிற மாதிரி பிசைவார். ஒரு நாற்சந்தியில் பச்சையைப் பார்த்து நுழைந்தார். முன்னால் போன ஆட்டோ நடுவில் நின்றுவிட, இவரும் நடுவில் நின்றார். ஆட்டோ நகர்ந்து போவதற்குள் விளக்கு சிவப்பாகிவிட்டது. நாலு பக்கமும் ஹார்ன். மனுஷன் நடுங்கிப்போய் ரிவர்ஸ் போட்டு, கோட்டுக்குப் பின்னால் போகப் பார்த்தார். இவள் கால் பிரேக்கை அழுத்தியது.

“அண்ணே, ரிவர்ஸ் வேண்டாம். உள்ள வந்தாச்சு. நாற்சந்திக்குள்ள வந்த பிறகு பின்னால போகக் கூடாது. பின்னால நிக்கறவங்க மேல ஏறிடும். ரெண்டு பக்கமும் பாருங்க, மெதுவா முன்னால போய்க் காலி பண்ணுங்க. நடுவுல நிக்கறதுதான்...”

அங்கே பேச்சை நிறுத்திவிட்டாள். கேக் கடைக்காரர் தட்டுத்தடுமாறி முன்னால் போய், ஓரமாக நிறுத்தி, நெற்றியைத் துடைத்தார்.

“ஏம்மா, ரொம்பத் தப்பாப் பண்ணிட்டேனா?”

“நீங்க இல்லண்ணே. நான்தான் ஒரு வாரமா தப்பாப் பண்ணிட்டிருக்கேன்.”

அவர் முகம் மாறிவிட்டது. “அப்ப எனக்கு இந்த ஒரு வாரமா சொல்லிக்குடுத்ததெல்லாம்?”

“அதெல்லாம் சரிதாண்ணே. வண்டியை வீட்டுப் பக்கம் திருப்புங்க. இன்டிகேட்டர் போட்டுட்டு.”

கண் மருந்து வாங்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியைப் போட்டாள். புருஷன் ஒரு பழைய ஃபிரிட்ஜின் மோட்டாரைத் தரையில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். துறைமுகம், பாலம், நாற்சந்தி, சிவப்பு. நின்றாள். கால் தரைக்கல்லில் அழுந்தியது. லாரிக்காகக் காத்திருந்தாள்.

“என்ன, வழக்கமான ஆள் இன்னும் வரலையா?” என்றான் புருஷன்.

வந்தது. முட்டியது. வண்டி கோட்டைத் தாண்டி நாற்சந்தியின் நடுவில் போய் நின்றது. இவள் ரிவர்ஸ் போடவில்லை.

“கோட்டைத் தாண்டினது லாரி பண்ணின தப்பு” என்றாள், எங்களுக்கா திரைக்கா என்று தெரியாத குரலில். “இத்தனை நாளா பின்னால வந்தது நான் பண்ணின தப்பு. உள்ள வந்தாச்சுன்னா காலி பண்ணணும்.” இடதுபுறம் பார்த்தாள், வலதுபுறம் பார்த்தாள். தூங்கற குழந்தை மேலிருந்து கையை எடுக்கிற மாதிரி மெதுவாக நகர்த்தி, அந்த நாற்சந்தியைக் கடந்தாள்.

“இதெல்லாம் கோர்ட்டுல நிக்காது” என்றான் புருஷன். ஆனால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கடை வாசலில் இரண்டு கார்களுக்கு நடுவில் இருந்த இடத்தில், ஓரக்கல்லை ஒட்டி, நேராக நிறுத்தினாள். தம்பி இறங்கி உள்ளே போனான். அக்கா தேய்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில், ஓரத்தைத் தூக்கித் திறக்கிற மாதிரி ஒரு மேசைப் பலகை. திரையில் இரண்டு வரி வந்து நின்றது. இவள் படித்துச் சொன்னாள்: ஒன்று, ‘சொல்’. மற்றது, ‘சும்மா பார்த்துவிட்டுப் போ’. எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் வரியை அழுத்தினாள்.

“அக்கா” என்றான் தம்பி. இவள் தமிழில் சொன்னாள். “அன்னிக்கு அந்த வண்டியை ஓட்டினது நான்தான்.”

அக்கா தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவனைப் பார்த்தாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. அடியில் எழுத்தும் வரவில்லை. அந்தப் பழைய ஓட்டை. இங்கேயா வர வேண்டும் என்று நாற்காலியின் கையைத் தட்டினேன். அக்கா பேசிக்கொண்டே இருந்தாள், நிறைய பேசினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாள். ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. பிறகு பேச்சை நிறுத்தி, மேசைப் பலகையின் ஓரத்தைத் தூக்கி, அவன் உள்ளே வருகிற அளவுக்கு வழிவிட்டுப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி நுழைந்தான். திரை மெல்ல இருட்டியது.

புருஷன்தான் முதலில் பேசினான். “மகனைக் கேட்டா அவ என்ன சொன்னான்னு தேடிச் சொல்லிடுவான்.”

நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். “அக்கா என்னம்மா சொன்னா?”

“அது அவங்க ரெண்டு பேர் பேச்சு பெரியப்பா” என்றாள்.

கன்ட்ரோலர் இன்னும் அவள் இரண்டு கையிலும் இருந்தது. குனிந்து அந்தத் தரைக்கல்லைப் பார்த்தேன். அதன் மேல் எதுவும் இல்லை. அவள் வலது கால் பின்னால் போய், செருப்போடு, நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்திருந்தது.